பஞ்சு மிட்டாயின் பெயர் வரலாறு

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு விழாவன்று, மைதானத்தின் கிழக்கு மூலையில் பஞ்சு மிட்டாய் சுற்றுபவர் ஒருவர் தம் பொறியை நிறுத்தியிருந்ததை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நாடகத்திற்கு இருந்த கூட்டத்தைக் காட்டிலும் அவரைச் சுற்றியிருந்த கூட்டமே மிகுதி என்று நம் செயலாளர் வருந்தியதும் நினைவிருக்கும். அக்கூட்டத்தில் நின்ற நம் காலனிக் குழந்தைகள் அப்பண்டத்தை எப்பெயரிட்டு அழைக்கிறார்கள் என்பதை நான் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெரும்பாலோர் ‘புடியா கே பால்’ என்றனர். ஆங்கிலப் பள்ளியில் பயில்வோர் சிலர் ‘காட்டன் காண்டி’ என்றனர். ‘பஞ்சு மிட்டாய்’ என்று கேட்டு வாங்கியது ஒரே ஒரு குழந்தை; அதுவும் கோடை விடுமுறையைத் திருநெல்வேலியில் பாட்டி வீட்டில் கழித்துவிட்டு வந்த குழந்தை.

‘பால்’ என்றதும் ஊரிலிருந்து புதிதாக வருவோர் பசுவின் பாலென்று மயங்குவர். இந்தியில் அது தலைமயிரைக் குறிக்கும். கிழவியின் தலைமயிர் என்பதே அத்தொடரின் பொருள். ஒரு தின்பண்டத்திற்கு இப்பெயரா என்று என் தாயார் முகஞ்சுளித்ததுண்டு. ஆயினும் அப்பெயருக்குள் ஒரு செய்தி மறைந்திருக்கிறது. அதனைப் பின்னர்க் கூறுகிறேன்.

இவ்விழா முடிந்து சில நாட்கள் சென்றபின், ஆறாம் வகுப்பில் பயிலும் என் மகள் தன் கட்டுரை ஏட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். விழாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையில், தான் படித்த ஓர் இங்கிலாந்துக் கதைப்புத்தகத்தைப் பின்பற்றிக் ‘காண்டிபிளாஸ்’ என்ற சொல்லை அவள் ஆண்டிருந்தாள். ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் அடித்துக் ‘காட்டன் காண்டி’ எனத் திருத்தி ஒரு மதிப்பெண்ணும் குறைத்திருந்தார். “அப்பா, நான் எழுதியது தவறா?” என்று கேட்டாள். பார்சல் பதிவேடும் சரக்கு ரசீதும் எழுதிப் பழகிய, மெட்ரிக்குலேஷன் வரை மட்டும் படித்த யான் உடனே விடை கூற இயலவில்லை. ரயில்வே இன்ஸ்டிடியூட் நூலகத்தில் உள்ள அகராதிகளையும் பிற நூல்களையும் ஓய்வு நேரங்களில் புரட்டிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

முதலில் குழந்தையின் வினாவுக்கு விடை கூறிவிடுகிறேன். அவள் எழுதியது தவறன்று. காண்டிபிளாஸ் என்பது பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் வழங்கும் சொல். காட்டன் காண்டி என்பது அமெரிக்க வழக்கு. ஆஸ்திரேலியாவில் இவ்விரண்டும் அல்லாமல் ‘பேரி பிளாஸ்’, அதாவது தேவதைப் பட்டிழை, என்று கூறுவர். பொருள் ஒன்றே, நாடு மாறப் பெயர் மாறிற்று. ஆசிரியர் எழுதியதும் சரியே, மாணவி எழுதியதும் சரியே. குறைத்த மதிப்பெண் ஒன்றுதான் சரியில்லை.

இனி, அச்சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். பிளாஸ் என்பது பட்டுத் தொழிலைச் சார்ந்த சொல். பட்டுப்புழு தன் கூட்டைக் கட்டத் தொடங்கும்போது முதலில் வெளிப்புறமாகச் சிக்கலும் பிசிறுமாகச் சில இழைகளை விடுகின்றது. நல்ல நூலாக இழுக்க உதவாத அந்தப் பிசிறையே ஆங்கிலேயர் பிளாஸ் என்றனர். பின்னர், முறுக்கேற்றாத மெல்லிய பூத்தையல் பட்டிழைக்கும் அப்பெயர் சென்றது. பல்லிடுக்கில் சிக்கியதை எடுக்கும் இழையையும் இன்று அவ்வாறே கூறுகின்றனர். பல்லைக் கெடுக்கும் பண்டத்திற்கும் பல்லைக் காக்கும் நூலுக்கும் பெயரில் பாதி ஒன்றாக அமைந்தது ஒரு வேடிக்கை. இதனினும் பெரிய வேடிக்கை ஒன்று பின்னே வருகிறது.

காண்டி என்ற முற்பகுதி நம்மவருக்கு இன்னும் நெருங்கிய உறவு. வடமொழியில் கண்டம் என்றால் துண்டு. சர்க்கரைக் கட்டிக்கும் அப்பெயர் உண்டு. அது பாரசீகத்தில் ‘கந்த்’ ஆகி, அரபு மொழி வழியே பிரெஞ்சு நாட்டை அடைந்து, அங்கிருந்து ஆங்கிலத்தில் காண்டி ஆயிற்று. நம் கற்கண்டில் உள்ள கண்டும், நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் குல்கந்தில் உள்ள கந்தும், இங்கே கடைத்தெருவில் நாம் காணும் காண்டசாரிச் சர்க்கரையும் இச்சொல்லின் சுற்றத்தாரே. இதன் வேர் வடமொழிக்கும் முற்பட்ட திராவிடச் சொல்லாக இருக்கலாம் என்றும், தமிழிலுள்ள கண்டு என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றும் கருதும் அகராதியாரும் உளர். அது முடிந்த முடிபு அன்று. ஆயினும், ஆங்கிலக் குழந்தை காண்டி என்று கேட்கும்போது நம் பாட்டி அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த கற்கண்டின் பெயரையே தன் நாவால் கூறுகின்றது என்பதில் ஐயமில்லை.

சர்க்கரையைச் சார்ந்த சொற்கள் யாவுமே இவ்வாறு ஊர் சுற்றியவை. பருக்கைக் கல்லைக் குறித்த சர்க்கரா என்னும் வடசொல் பாரசீகத்தில் ஷக்கராகவும் அரபியில் சுக்கராகவும் மாறி ஆங்கிலத்தில் சுகர் ஆயிற்று. மலையாளக் கரையில் சக்கரை என்று வழங்கியதைக் கேட்ட போர்த்துகீசியர் வாயில் அது திரிந்து ஜாகரி என வெல்லத்திற்குப் பெயராயிற்று. வெண்மையாகச் சுத்தி செய்த சர்க்கரைக்குச் சீன தேசத்தின் பெயரால் சீனி என்று பெயர். கற்கண்டை இங்கே மிஸ்ரி என்கிறார்கள். மிஸ்ர் என்பது எகிப்து நாட்டின் பெயர். சீனத்துப் பேரரசர் 647ஆம் ஆண்டில் மகத நாட்டுக்குத் தூதரை அனுப்பிச் சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவரச் செய்தார் என்று அந்நாட்டு வரலாறு கூறுகிறது. இங்கிருந்து கற்றுச் சென்றவர் பெயராலேயே நாம் அப்பொருளை இன்று வாங்குகிறோம்! நம் தமிழ்நாட்டிலோ, கரும்பை இவ்வுலகிற்குக் கொணர்ந்தவர் அதியமானின் முன்னோர் எனப் புறநானூற்றில் ஔவையார் பாடிவைத்தார்.

இடையே ஓர் எச்சரிக்கை. சரக்கு அலுவலகத்தில் பணிபுரிவோர்க்குக் காண்டி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மிட்டாய் அன்று, நிறை. கண்டி என்னும் பழைய நிறுத்தலளவை ஆங்கிலேயர் ஏடுகளில் காண்டி ஆயிற்று. சென்னையில் 20 மணங்கு, அதாவது 500 ராத்தல், ஒரு கண்டி. பம்பாயில் 560 ராத்தல். பருத்திக்கு மட்டும் 784 ராத்தல். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 356 கிலோகிராம். மெட்ரிக் அளவைகள் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் பருத்தி வணிகர் மட்டும் இன்றளவும் கண்டிக் கணக்கிலேயே விலை கூறுகின்றனர். ஆதலால் நம் நாட்டு வணிகத் தாளில் பருத்தியும் காண்டியும் அருகருகே வருமாயின், அது குழந்தைகளுக்குரியதன்று. ஒரு கண்டிப் பருத்தியைத் தூக்க நான்கு கலாசிகள் வேண்டும்.

பிரிட்டிஷ் வழக்கில் ஒரு புதிர் உண்டு. அமெரிக்கர் எல்லா மிட்டாய்களையும் காண்டி என்பர். ஆங்கிலேயர் அவ்வாறு கூறுவதில்லை; ‘ஸ்வீட்ஸ்’ என்பதே அவர்கள் சொல். காண்டி என்றால் அவர்களுக்குப் பெரும்பாலும் கற்கண்டு. அவ்வாறிருக்க இவ்வொரு பண்டத்தில் மட்டும் அச்சொல்லைக் கைக்கொண்டது ஏன்? மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அமெரிக்கர் காட்டன் என்று கூறும் பஞ்சை ஆங்கிலேயர் காட்டன் உல் என்பர். வெறுங் காட்டன் என்பது அவர்களுக்குத் தையல் நூலும் துணியுமே. எனவே காட்டன் காண்டி என்ற தொடர் ஓர் ஆங்கிலேயர் செவியில் ‘நூற் கற்கண்டு’ என்று ஒலித்திருக்கும். பிசிறான பட்டிழை என்ற உவமையே அவர்க்கு இயல்பாகப் பொருந்தியிருக்க வேண்டும். இது என் கருத்து, அகராதியில் கண்டதன்று.

பண்டத்தின் வரலாற்றுக்கு வருவோம். பொறி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே சர்க்கரையைக் காய்ச்சி இழையாக இழுக்கும் வித்தை ஐரோப்பியச் சமையலறைகளில் இருந்தது. மான்செஸ்டர் நகரில் கடை நடத்திய எலிசபெத் ராபால்டு என்ற அம்மையார் 1769இல் வெளியிட்ட சமையல் நூலில், சர்க்கரையை நெருப்பருகே உருக்கி, கத்திமுனையால் தொட்டு இழுத்து, தின்பண்டங்களின்மேல் மூடுவதற்கு வெள்ளியாலான சிலந்தி வலை போல நெய்யும் முறையை விவரிக்கிறார். பொன்னிற வலைக்கும் தனியே முறை கூறுகிறார். கைப்பழக்கமும் பொறுமையும் மிகுதியாக வேண்டிய வேலை. ஆதலின் அது செல்வர் விருந்துகளோடு நின்றது.

அதனைத் தெருவிற்குக் கொண்டுவந்தவர் ஒரு பல் மருத்துவர் என்றால் நம்புவது அரிது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரத்தில் வில்லியம் மாரிசன் என்ற பல் மருத்துவரும், ஜான் வார்ட்டன் என்ற மிட்டாய் வணிகரும் கூடி 1897இல் ஒரு பொறியை அமைத்தனர். 1899ஆம் ஆண்டு ஜனவரி மாதம் காப்புரிமை பெற்றனர். நடுவிலுள்ள சிறு கிண்ணத்தில் சர்க்கரையை இட்டுச் சூடேற்றி வேகமாகச் சுழற்றுவர். உருகிய சர்க்கரை சுழற்சியின் விசையால் வெளியே தள்ளப்பட்டு, நுண்ணிய துளைகளின் வழியே பாய்கின்றது. குளிர்ந்த காற்று பட்டதும் மீண்டும் மணிமணியாக உறையக் காலம் இன்றிக் கண்ணாடி போன்ற இழையாக அப்படியே நின்றுவிடுகின்றது. மயிரிழையினும் மெல்லிய அவ்விழைகளைக் குச்சியில் சுற்றினால் பஞ்சு மிட்டாய். ஒரு குச்சியில் இருக்கும் சர்க்கரை ஏறத்தாழ 30 கிராம்தான்; எஞ்சியது முழுதும் காற்று. அவ்விழைகள் ஈரத்தை இழுக்கும் இயல்புடையவை. கடற்கரை ஊரில் மழைக்காலத்தில் கைக்கு வருமுன்னே சுருங்கிப் பிசுபிசுத்துவிடும் அது, நம் காலனியின் வறண்ட சித்திரை வெயிலில் நெடுநேரம் நிற்கும். இவ்வூர் வெயிலால் நமக்கு விளைந்த நன்மைகளுள் இது ஒன்று.

மாரிசனும் வார்ட்டனும் 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயி நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் இதனைப் பேரி பிளாஸ் என்ற பெயரோடு விற்றனர். ஒரு பெட்டி 25 சென்ட். பொருட்காட்சிக்கு நுழைவுக் கட்டணமே 50 சென்டாக இருந்ததால் அது மலிவான விலையன்று. இருந்தும் 68,655 பெட்டிகள் விலைபோயின. பெருக்கிப் பார்த்தால் 17,163 டாலர் 75 சென்ட்! கணக்கெழுதும் கையாதலால் பெருக்காமல் இருக்க இயலவில்லை. பின்னர் 1921ஆம் ஆண்டளவில் ஜோசப் லாஸ்கோ என்பவர் இதுபோன்ற பொறியொன்றைச் செய்து காட்டன் காண்டி என்ற பெயரைச் சூட்டினார் என்பர். அவரும் ஒரு பல் மருத்துவரே! நோயாளிகளைத் தாமே உண்டாக்கிக்கொண்டனர் என்று நகைப்போர் நகைக்கலாம். தொடக்ககாலப் பொறிகள் ஆட்டங்கண்டு அடிக்கடி பழுதாயின. 1949இல் சின்சினாட்டி நகரத்துக் கோல்டு மெடல் நிறுவனத்தார் சுருள்வில் பொருத்திய அடிப்பாகத்துடன் பொறி செய்தபின்னரே அவை உறுதி பெற்றன.

இவ்வரலாற்றால் விளங்குவது யாதெனில், பிளாஸ் என்ற பகுதி அமெரிக்காவில் பிறந்து அமெரிக்காவால் கைவிடப்பட்டது. ஆங்கிலேயர் பிளாஸை வைத்துக்கொண்டு தேவதையை நீக்கினர். அமெரிக்கர் பிளாஸையும் நீக்கிவிட்டனர். ஆஸ்திரேலியர் மட்டும் 1904இல் இட்ட பெயரைச் சிதையாமல் காத்துவருகின்றனர்.

இங்கிலாந்தில் இச்சொல் வேறொரு பொருளும் பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அந்நாட்டில் மிட்டாய்க்கும் பங்கீடு வந்தது. 1949இல் ஒருமுறை பங்கீட்டை நீக்கிப் பார்த்தனர்; மக்கள் கடைகளை மொய்த்துவிட்டதால் சில மாதங்களில் மீண்டும் விதித்தனர். 1953 பிப்ரவரியில்தான் முற்றிலும் நீங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1957இல், ரிச்சர்ட் ஹாகர்ட் என்ற அறிஞர் பாட்டாளி மக்களின் படிப்பையும் பொழுதுபோக்கையும் ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். லீட்ஸ் நகரத்தில் எளிய குடும்பத்தில் பிறந்து பாட்டியால் வளர்க்கப்பட்டவர் அவர். மலிவான இதழ்களும் கேளிக்கைகளும் மக்களை அழைத்துச் செல்லும் உலகத்தைக் ‘காண்டிபிளாஸ் உலகம்’ என்று ஓர் அத்தியாயத்திற்குத் தலைப்பிட்டார். பார்வைக்குப் பெரிது, வாயிலிட்டால் ஒன்றுமில்லை என்பது கருத்து. அதுமுதல், கனமற்ற கதைக்கும் வெறும் பகட்டுக்கும் இச்சொல்லை வழங்குதல் பெருகிற்று. நம் நாட்டு ஆங்கிலச் செய்தித்தாள்களும் பம்பாயில் எடுக்கப்படும் ஒருவகைக் காதற் படங்களைக் காண்டிபிளாஸ் படங்கள் என்று எழுதுகின்றன. பத்தாண்டுகளுக்கு மேல் சர்க்கரைக்கு ஏங்கியிருந்த ஒரு நாட்டில், அது கிடைத்த சில ஆண்டுகளுக்குள் அதன் பெயர் இகழ்ச்சிச் சொல்லாயிற்று என்பது எனக்கு வியப்பளிக்கிறது. ஹாகர்ட் கூறியதில் உண்மை உண்டு. எனினும் வரிசையில் நின்ற குழந்தைகளை அவர் கேட்டிருப்பாரோ, அறியேன்.

இப்போது கிழவியின் தலைமயிருக்குத் திரும்புகிறேன். இந்தியில் மட்டுமன்று, மராத்தியிலும் ‘ம்ஹாதாரீசே கேஸ்’ என்றும், வங்காளியரில் ஒரு சாரார் ‘புரீர் சுல்’ என்றும் கிழவியின் கூந்தலையே கூறுகின்றனர். கிரேக்கரும் கிழவியின் மயிர் என்பர். எபிரேய மொழியில் பாட்டியின் மயிர். பிரெஞ்சுக்காரர்க்கு அது அப்பாவின் தாடி. ஜெர்மானியரும் ஸ்பானியரும் சர்க்கரைப் பஞ்சு என்பர். தெலுங்கில் பீச்சு மிட்டாய், அதாவது நார் மிட்டாய். மலையாளத்தில் பஞ்ஞி மிட்டாய். கன்னடத்தில் ‘பொம்பாயி மிட்டாயி’. நம் ஊரில் பம்பாய் மிட்டாய் என்றால் கைதட்டும் பொம்மையுடன் கழியில் சுற்றி வந்து கைக்கடிகாரமாக ஒட்டிவிடும் ஜவ்வு மிட்டாய் ஆதலால், பெங்களூர் உறவினர்களோடு இதுபற்றிப் பேசும்போது வீண் வழக்கு நேர்வதுண்டு. வங்காளத்தின் மற்றொரு வழக்கு ‘ஹவாய் மிட்டாய்’. காற்று மிட்டாய் என்று பொருள். எல்லாவற்றிலும் உண்மைக்கு அணித்தான பெயர் அதுவே.

இப்பெயர்களை வரிசையாக எழுதி வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. பஞ்சு வெண்மையானது. கிழவியின் தலை வெண்மையானது. ஒன்றோடொன்று கலந்து பேசாத இத்தனை நாட்டு மக்கள் இப்பண்டத்தைக் கண்டு வெண்பொருள்களையே நினைந்து பெயரிட்டனர் எனில், அவர்கள் கண்ட பண்டம் வெண்மையாக இருந்திருக்க வேண்டும். இளஞ்சிவப்பு நிறத்தில் எந்தக் கிழவிக்கும் கூந்தல் இல்லை. எந்தச் செடியிலும் பஞ்சு இல்லை. நிறம் பின்னர் ஏறியது.

ஏறிய நிறம் செய்த தீங்கை நாமனைவரும் அறிவோம். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் புதுச்சேரியில் விற்ற பஞ்சு மிட்டாயைச் சோதித்தபோது அதில் ரோடமின்-பி என்ற சாயம் கண்டறியப்பட்டு, விற்பனை தடை செய்யப்பட்டது. அது துணிக்கும் காகிதத்திற்கும் ஏற்றும் சாயம். உணவில் சேர்க்க நம் நாட்டுச் சட்டம் இடந்தரவில்லை. அம்மாதம் 17ஆம் தேதி தமிழ்நாட்டு அரசும் தடை விதித்தது. மார்ச் மாதத்தில் கர்நாடக அரசு, நிறமூட்டிய பஞ்சு மிட்டாயைத் தடுத்து, நிறமில்லாததை மட்டும் அனுமதித்தது. விற்றவருள் பலர் வடமாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடித் தெற்கே சென்ற இளைஞர்கள் என்று செய்தித்தாளில் படித்தேன். பிழைப்புத் தேடி வடக்கே வந்த நாம் அச்செய்தியைப் படிக்கும்போது மனம் இருபுறமும் இழுக்கிறது. சாயம் என்னவென்று அறியாமலே பொட்டலமாக வாங்கிக் கலந்தவரும் அவர்களுள் இருந்திருப்பர், உண்டவரோ குழந்தைகள்.

சென்ற விழாவில் நம் குழந்தைகளுக்கு விற்றவரிடம் அச்செய்தியைச் சொல்லி, அவருடைய வண்ணப்பொடியைக் காட்டும்படி அண்மையில் கேட்டேன். பெயரோ முத்திரையோ இல்லாத ஒரு சிறு பாலிதீன் பையை எடுத்துக் காட்டினார். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, ரோஜா நிறம் இருக்கிறது என்றார். அவர் பொய் கூறவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவே. இனி வெள்ளையாகவே சுற்றித் தரலாகாதா என்றேன். “பாபுஜி, வெள்ளையை யார் வாங்குவார்கள்? குழந்தைகள் தொலைவிலிருந்து நிறத்தைப் பார்த்துத்தானே ஓடிவருகின்றன?” என்று திருப்பிக் கேட்டார். இக்கேள்வியைச் செயற்குழுவின் முன் வைத்தேன். வெள்ளையாக மட்டும் விற்பதாயின் முதல் 100 குச்சிகளைச் சங்கமே விலை கொடுத்து வாங்கிக் குழந்தைகளுக்கு அளிப்பதென்று முடிவாயிற்று. அவரும் இசைந்துள்ளார்.

அவருடைய வண்டிக்கு ஒரு பெயர்ப்பலகை எழுதவேண்டும். முதல் வரியில் பெரிய எழுத்தில் பஞ்சு மிட்டாய் என்று தமிழில் எழுதுவதில் எவர்க்கும் மறுப்பில்லை. அதன்கீழ் இந்தியில் ஒரு வரி, அதுவும் உறுதி. மூன்றாம் வரியில் ஆங்கிலத்தில் காண்டிபிளாஸ் என்று எழுதவேண்டுமென என் மகள் கூறுகிறாள். காட்டன் காண்டி என்றுதான் எழுதவேண்டுமெனப் பொருளாளரின் மகன் கூறுகிறான். பலகை எழுதுபவர் ஓர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்கிறார். இரண்டையும் எழுதப் பலகையில் இடமுமில்லை. இம்மலர் அச்சுக்குப் போகும் இந்நாள்வரை அந்த மூன்றாம் வரி எழுதப்படவில்லை.